ஒரு கல்லூரி, இரு குழுக்கள்

பொது நிறுவனம் ஒன்றைத் தொடங்குவது அரிது. தொடங்கியவர் மறைந்த பின்னரும் அது பழுதின்றி நடப்பது அதனினும் அரிது. பள்ளிவாசல், மத்ரஸா, அநாதை நிலையம், நூலகம், மருத்துவமனை, கல்லூரி என்று நம் சமுதாயம் எழுப்பிய அறநிலையங்கள் தமிழகத்தில் ஏராளம். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாக சபை உண்டு. சபைக்குக் கீழே கல்விக்குழு, நிதிக்குழு, கட்டடக்குழு எனப் பெயர் சூட்டப்பெற்ற குழுக்களும் உண்டு. அழைப்பிதழிலும் ஆண்டறிக்கையிலும் அவற்றின் உறுப்பினர் பெயர்கள் வரிசையாக அச்சாகின்றன. ஆயினும், அக்குழுக்களில் எத்தனை உண்மையிலேயே கூடுகின்றன, எத்தனை பெயரளவில் நிற்கின்றன என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நிறுவனத்துக்கு ஓர் இடர் நேர்ந்த பின்னரே அவ்வினா எழுகின்றது. அப்போதோ காலம் கடந்துவிடுகின்றது.

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் அலீகர் கல்லூரியின் முதல் முப்பதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் நலம். அக்கல்லூரியில் ஒரே காலத்தில், ஒரே பெருமகனாரின் நிழலில், பல குழுக்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்று எவரும் எதிர்பாராத அளவுக்கு வெற்றி கண்டது. மற்றொன்று தன் கடமையில் தவறி, கல்லூரியையே அழிவின் விளிம்புவரை கொண்டு சென்றது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு யாது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

அதற்கு முன் சொற்பொருள் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். குழுவை அரபியில் இக்காலத்தார் 'லஜ்னா' என்பர். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகக் கூடி, அது முடிந்ததும் கலைந்துவிடும் குழு ஒரு வகை. மாநாட்டு வரவேற்புக்குழு இத்தகையது. ஆட்கள் மாறினும் பணி மாறாமல் ஆண்டுதோறும் நீடிக்கும் குழு மற்றொரு வகை. இதனை 'லஜ்னா தாயிமா' என்பர். தமிழில் நிலைக்குழு என்கிறோம். இங்கு நிலைத்து நிற்க வேண்டியது குழுவிடம் ஒப்படைக்கப்பெற்ற பணியாகும். உறுப்பினர் வருவர், போவர். இந்த வேறுபாட்டை மறந்து, பணியைத் தளரவிட்டு ஆட்களை நிலைக்கவிட்டால் நிலைக்குழு என்பது வெறும் பட்டமாகிவிடும்.

குழுவில் பிறந்த கல்லூரி

ஸர் ஸையித் அஹ்மது கான் 1817-ஆம் ஆண்டு டில்லியில் பிறந்தவர்; நீதித்துறையில் பணியாற்றியவர். 1869-இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் போன்ற கல்விக்கூடங்களைக் கண்டு, அடுத்த ஆண்டு தாயகம் திரும்பினார். திரும்பியதும் அவர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று ஒரு குழுவைக் கூட்டியது. 1870 டிசம்பர் 26-ஆம் நாள் பனாரஸ் நகரில் அக்குழு கூடிற்று. முஸ்லிம்கள் அரசுப் பள்ளிகளை நாடாததன் காரணம் யாது என்று ஆராய்வது அதன் நோக்கம். இதற்கெனக் கட்டுரைப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்து சேர்ந்தன. அவற்றை ஆராய்ந்த பின்னரே சமுதாயத்துக்கெனத் தனிக் கல்லூரி தேவை என்ற முடிவு எட்டப்பட்டது.

1872-இல் நிதி திரட்டுவதற்கென ஒரு குழு அமைந்தது. பின்னர் 1875 மே 24-ஆம் நாள் அலீகரில் பள்ளி திறக்கப்பட்டது. ஸர் ஸையித் அப்போதும் பனாரஸில் பணியில் இருந்தமையால், அலீகரில் சார்பு நீதிபதியாக விளங்கிய மௌலவி ஸமீஉல்லாஹ் கான் அவர்களே அங்கிருந்து அன்றாடக் காரியங்களைக் கவனித்தார். 1876-இல் ஸர் ஸையித் ஓய்வு பெற்று அலீகர் வந்து சேர்ந்தார். 1877 ஜனவரி 8-ஆம் நாள் இராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி என்பது அதன் பெயர்.

அக்கல்லூரியின் அமைப்பு விதிகளில் பணிகள் பிரிக்கப்பட்டிருந்தன. மொழிகளையும் உலகியற் கல்வியையும் நெறிப்படுத்த ஒரு குழு. ஸுன்னத் ஜமாஅத்தினரின் மார்க்கக் கல்விக்கு ஒரு குழு. ஷீஆப் பிரிவினரின் மார்க்கக் கல்விக்கு ஒரு குழு. நிர்வாகத்தைக் கவனிக்க ஒரு குழு என அவை அமைந்தன. காகிதத்தில் இவை யாவும் ஒரே தரத்தவையாகவே தோன்றும். நடைமுறை வேறாக இருந்தது.

எல்லை வகுத்த குழு

ஸர் ஸையிதின் மார்க்கக் கருத்துகளை உலமாக்கள் பலர் ஏற்கவில்லை என்பதை நாம் அறிவோம். அவரை எதிர்த்து நூல்கள் எழுதப்பட்டன. அவருடைய கல்லூரிக்கு எதிராக மக்காவரை சென்று ஃபத்வாப் பெற்று வந்தவர்களும் இருந்தனர். அத்தகைய சூழலில், எந்தத் தந்தை தம் மகனை அக்கல்லூரிக்கு அனுப்பத் துணிவார்? பிள்ளை ஆங்கிலம் கற்று வருவான். ஈமானோடு வருவானா என்பதே வீடுதோறும் எழுந்த ஐயம்.

இந்த ஐயத்தைச் சொற்பொழிவுகளால் போக்கிவிட முடியாது என்பதை ஸர் ஸையித் உணர்ந்தார். ஆகவே, மார்க்கக் கல்வியின் பொறுப்பு முழுவதையும் தமக்குத் தொடர்பில்லாத குழுக்களிடம் ஒப்படைத்தார். அவற்றில் தாம் உறுப்பினராகவும் இல்லை. பாடத்தைத் தேர்வதிலோ ஆசிரியரை அமர்த்துவதிலோ தலையிடுவதில்லை என்று உறுதியும் அளித்தார். தாம் எழுதிய மார்க்க நூல்கள் அங்குப் பாடமாக இரா என்பதையும் ஏற்றுக்கொண்டார். தாம் கட்டும் கல்லூரியில் தம் கருத்துக்கே இடமில்லை என்று ஒப்புக்கொள்வது எளிய செயலன்று. அதனை அவர் செய்தார். செய்து காட்டியதில் நிலைத்தும் நின்றார்.

விளைவு யாதெனில், கல்லூரியின் நிறுவனரை ஏற்காதவர்களும் கல்லூரியை ஏற்றனர். தேவ்பந்தின் பெருமைக்குரிய மௌலானா முஹம்மது காஸிம் நானூத்தவீ அவர்களின் மருமகனார் மௌலானா அப்துல்லாஹ் அன்ஸாரீ, அலீகரில் மார்க்கக் கல்வியின் பொறுப்பாளராக வந்தமர்ந்தார். இரு வேறு திசைகளில் நின்ற இரு கல்வி மரபுகளுக்கிடையே இவ்வாறு ஒரு பாலம் அமைய, அக்குழுவின் தனித்தன்மை துணைபுரிந்தது. இன்றும் அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் ஸுன்னி இறையியலுக்கும் ஷீஆ இறையியலுக்கும் தனித்தனித் துறைகள் நடைபெறுவதைக் காண்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் வகுத்த பிரிவு, ஆட்சிகள் மாறியும் அழியவில்லை.

இக்குழுக்கள் வெற்றி பெற்றதற்கான காரணங்களை எண்ணிப் பார்த்தால் மூன்று தென்படும். முதலாவது, அவற்றின் பணி இன்னதென்று தெளிவாக இருந்தது. இரண்டாவது, அப்பணிக்குத் தகுதியுடையவரே அமர்த்தப்பட்டனர். மூன்றாவது, நிறுவனத்தில் மிக வலியவராக இருந்தவர் அந்த எல்லைக்குள் கால் வைக்கவில்லை. இம்மூன்றனுள் கடைசியானதே அரிதினும் அரிது.

கருவூலத்தின் கதை

இனி, மற்றொரு குழுவைக் காண்போம். 1872-இல் அமைந்த நிதிக்குழுவுக்கு அரபியில் 'கஸீனத்துல் பிளாஅத்' என்று பெயரிட்டிருந்தனர். 'கஸீனா' என்பது கருவூலம். 'பிளாஅத்' என்பது வாணிகத்துக்குரிய முதற்பொருள். குர்ஆனை ஓதுவோர்க்கு இவ்விரு சொற்களும் ஸூரா யூஸுஃபை நினைவூட்டும். மிஸ்ரு நாட்டுக் கருவூலங்களின் பொறுப்பைக் கேட்ட யூஸுஃப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்கள், அதற்குரிய தகுதிகளாக இரண்டைக் குறிப்பிட்டார்கள். ஒன்று, பொருளைக் காக்கும் பண்பு. மற்றொன்று, அதுபற்றிய அறிவு. நேர்மை மட்டும் போதும் என்றிருந்தால் முதலாவதோடு நின்றிருக்கும். இரண்டாவது தகுதியும் அங்கே சேர்ந்து நிற்பது சிந்திக்கத்தக்கது.

ஸர் ஸையிதின் நேர்மையை அவருடைய பகைவரும் ஐயுற்றதில்லை. கல்லூரிக்காக அவர் ஊர் ஊராக அலைந்தார். மேடையேறி நின்று பொருள் கேட்டார். கொடை தந்தோர் பெயர்களைச் சுவர்களிலும் அறைகளிலும் கல்லில் பொறித்து வைத்தார். அவர் உயிர் நீத்தபோது இருந்த இல்லமும் நண்பர் ஒருவருடையதே. ஆயினும், அவருடைய நேர்மையே நிதிக்குழுவின் உறக்கத்துக்குக் காரணமாயிற்று எனலாம். 'ஸையித் ஸாஹிப் பார்த்துக்கொள்கிறார்' என்ற நம்பிக்கையில் உறுப்பினர்கள் கணக்கைப் பார்க்கத் தவறினர். அவரோ கட்டடம், பாடம், பத்திரிகை, மாநாடு, அரசாங்கத் தொடர்பு என்று நூறு வேலைகளுக்கிடையே கணக்கைத் தம் அலுவலகத்துத் தலைமை எழுத்தரிடம் விட்டிருந்தார். குழு செயலாளரை நம்பியது. செயலாளர் எழுத்தரை நம்பினார். எழுத்தரைச் சோதிப்பார் எவருமில்லை.

1889-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இந்நிலையை மேலும் இறுக்கிற்று. அவ்வாண்டு ஸர் ஸையித், கல்லூரிக்கு அறங்காவலர் சபை ஒன்றை நிறுவும் விதிகளைக் கொண்டுவந்தார். அறங்காவலர்கள் ஆயுள் முழுவதும் பதவி வகிப்பர். தம் மகன் ஸையித் மஹ்மூது இணைச் செயலாளராகி, தமக்குப்பின் செயலாளராவார் என்பன அவ்விதிகளின் கூறுகள். ஸையித் மஹ்மூது கேம்பிரிட்ஜில் பயின்றவர். அலாஹாபாத் உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கியவர். தந்தையின் திட்டத்துக்குத் துணை நின்றவர். ஆகவே தகுதியில்லாதவருக்குத் தரப்பட்ட பதவி என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மௌலவி ஸமீஉல்லாஹ் கான் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பிற்காலத்தில் நவாப் விகாருல் முல்க் எனப் புகழ்பெற்ற முஷ்தாக் ஹுஸைன் அவர்களும் மாறுபட்ட கருத்தைத் தெரிவித்தார். வாக்கெடுப்பில் ஸர் ஸையிதின் பக்கமே வென்றது. பள்ளியின் முதல் நாட்களில் அதனைத் தாங்கி நின்ற ஸமீஉல்லாஹ் கான் விலகிச் சென்றார். தம் உழைப்பை அலாஹாபாதில் முஸ்லிம் மாணவர் விடுதி அமைப்பதில் செலுத்தினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதைக் காட்டிலும், அவ்விலகலால் கல்லூரி எதனை இழந்தது என்பதாகும். 'இது சரியா?' என்று கேட்கும் துணிவுடையவர் ஒருவர் சபையை விட்டுப் போனார். எஞ்சியோரில் பலர் ஸர் ஸையிதை மதித்தவர்கள். அவரிடம் கணக்குக் கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணியவர்கள். மரியாதைக்கும் கணக்குக்கும் பகையில்லை என்பதை அந்தச் சபைக்கு எடுத்துச்சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

1895

1895-இல் உண்மை வெளிப்பட்டது. தலைமை எழுத்தர் கையொப்பங்களைப் போலியாக இட்டுக் கல்லூரியின் பணத்தைக் கையாடியிருந்தார். போன தொகை ஒரு இலட்சம் ரூபாய்க்கும் மேல். அக்காலத்தில் ஒரு இலட்சம் என்பது எத்தகைய தொகை என்பதை இன்றைய வாசகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சிற்றூர்களின் ஏழை எளியவர் முதல் நவாபுகள்வரை பலரும் இருபதாண்டுகளுக்கு மேலாகத் தந்த பொருளில் ஒரு பகுதி அது. இத்தகைய மோசடி ஒரே நாளில் நிகழ்ந்திருக்க முடியாது. வங்கியிலிருந்து நேராகக் கணக்கைப் பெற்று, கல்லூரி ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அமர்ந்திருந்தால், அது அவ்வளவு தூரம் வளர்ந்திராது.

கல்லூரியின் கடன் பெருகிற்று. மாணவர் தொகை சரிந்தது. கொடையாளர் கைகள் தயங்கின. முதிய வயதில் அந்த அதிர்ச்சியைத் தாங்கிய ஸர் ஸையித், 1898 மார்ச் 27-ஆம் நாள் காலமானார். அவருடைய வரலாற்றை 'ஹயாத்தே ஜாவீது' என்ற நூலாக 1901-இல் வெளியிட்ட மௌலானா ஹாலீ, தம் தலைவரின் புகழைப் பாடுவதோடு நில்லாமல் இக்கையாடலையும் மறைக்காமல் பதிவு செய்தார். நம் நிறுவனங்களின் வரலாறுகள் இத்தகைய நேர்மையோடு எழுதப்பட்டால் அடுத்த தலைமுறைக்குப் பெரிதும் பயன்படும்.

ஸர் ஸையிதுக்குப் பின் ஸையித் மஹ்மூது செயலாளரானார். ஆனால் அந்நாளில் அவர் நலம் குன்றியிருந்தார். ஒருவரின் ஆற்றலை நம்பி முன்கூட்டியே எழுதி வைத்த விதி, அந்த ஒருவர் தளர்ந்தபோது பயனற்றதாயிற்று. 1899-இல் அறங்காவலர்கள் நவாப் முஹ்ஸினுல் முல்க் அவர்களைச் செயலாளராகத் தேர்ந்தனர்.

முன்னோர் அறிந்திருந்தவை

அலீகரின் அறங்காவலர்கள் தவறிய இடம் புதியதன்று. அதற்கான மருந்தை முன்னோர் பலர் முன்பே கண்டிருந்தனர். ஸகாத் திரட்டச் சென்று திரும்பிய அதிகாரியிடம் அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே கணக்குக் கேட்ட செய்தி, ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. தலைவர் தம் அலுவலர்களிடம் கணக்குக் கேட்பது பற்றி அந்நூலில் ஒரு தனிப் பாடமே உண்டு. அதனை ஓதிக் கொடுக்கும் மத்ரஸாக்களின் நிர்வாகத்திலும் அந்தப் பாடம் நடைமுறைக்கு வருதல் வேண்டும்.

ஹிஜ்ரி 118-இல், அதாவது கி.பி. 736-இல், மிஸ்ரு நாட்டின் காழியாக இருந்தவர் தவ்பா இப்னு நமிர். வக்ஃபுச் சொத்துகள் அவற்றைப் பராமரித்தோர் கைகளிலும் குடும்பங்களிலும் சிக்கி, நாளடைவில் வாரிசுச் சொத்தாகிவிடுமோ என்று அவர் அஞ்சினார். ஆகவே அவற்றையெல்லாம் தம் மேற்பார்வைக்குள் கொண்டுவந்து பதிவு செய்யச் செய்தார். அவர் இறப்பதற்குள் அது ஒரு பெரிய 'தீவான்', அதாவது அலுவலகமாக வளர்ந்துவிட்டது. பராமரிப்பவர் ஒருவர், பதிவும் மேற்பார்வையும் வேறொருவர் என்ற பிரிவு அன்றே தோன்றிவிட்டது.

நம் தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. வக்ஃப் சொத்துகளை மேற்பார்க்கும் சபையைத் தமிழில் 'வக்ஃப் வாரியம்' என்கிறோம். இந்த 'வாரியம்' என்ற சொல், காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூர்க் கல்வெட்டில் காணப்படுவது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபை தன் நிலைக்குழுக்களை அமைத்த முறையைக் கூறுகின்றன. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தனர். அது அந்தணர் ஊர். நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே இடம் தந்தது. ஆகவே அதனை இன்றைய மக்களாட்சிக்கு ஒப்பிடுவது மிகையாகும். ஆயினும் அதன் விதிகள் சில நம்மை வியக்கச் செய்கின்றன.

உறுப்பினர் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாட்கள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதன்பின் இடமில்லை. ஆண்டு வாரியம் மூத்த குழு. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்களே அதற்கு எடுக்கப்பட்டனர். சிறு பொறுப்பில் பழகியவர் பெரும் பொறுப்புக்கு வரவேண்டும் என்னும் முறை அது. 1889-இல் அலீகரில் ஆயுட்காலப் பதவியும் மகனுக்குச் செயலாளர் உரிமையும் எழுதப்பட்டபோது, அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்துச் சிற்றூர் ஒன்று அவ்விரண்டுக்கும் கல்லில் தடை எழுதி வைத்திருந்தது.

மீண்டெழுந்த விதம்

முஹ்ஸினுல் முல்க் ஹைதராபாத் அரசில் உயர் பதவிகள் வகித்து, நிர்வாகத்தில் தேர்ந்தவர். அவர் காலத்தில் கல்லூரி மீண்டும் தலைநிமிர்ந்தது, கொடை பெருகியது, பல்கலைக்கழகக் கனவு வலுப்பெற்றது. சமுதாயத்தின் ஆதரவை நாடெங்கும் திரட்ட, கல்வி மாநாடு பல நகரங்களில் கூட்டப்பெற்றது. 1901-இல் அம்மாநாடு சென்னையில் நடைபெற்றது. அதனை அடுத்து, 1902-இல் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் சென்னையில் தோன்றியது. அச்சங்கமே 1951-இல் சென்னைப் புதுக்கல்லூரியை நிறுவியது. அலீகரின் பாதிப்பு தமிழகம் வந்து சேர்ந்த வழி இதுவாகும்.

முஹ்ஸினுல் முல்க் 1907-இல் மறைந்தார். அவருக்குப் பின் செயலாளரானவர், 1889-இல் மாறுபட்ட கருத்துரைத்த அதே விகாருல் முல்க். அன்று எதிர்த்தவரை வெளியே தள்ளிவிடாமல், பிற்பாடு தலைமைக்கு அழைத்தது கல்லூரியின் நற்பேறு. அவர் காலத்தில், 1909-இல், கல்லூரி முதல்வருக்கும் செயலாளருக்கும் இடையே அதிகார எல்லை பற்றிப் பெரும் பூசல் மூண்டு, முதல்வர் ஆர்ச்போல்டு பதவி விலகினார். எல்லை எழுதப்படாத இடத்தில் நல்லவர்களும் மோதிக்கொள்வர் என்பதற்கு அது மற்றொரு சான்று.

1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்லூரி அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகமாயிற்று. போபால் பேகம் ஸுல்தான் ஜஹான் அவர்கள் அதன் முதல் வேந்தராக விளங்கினார். பெண்ணொருவர் அப்பெரும் பொறுப்பை ஏற்ற அந்த முன்மாதிரியை, பெண்களுக்கு இடமே தராத நம் கல்விக் குழுக்கள் பல இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. அச்சட்டத்தில் பொதுச்சபை, ஆட்சிக்குழு, கல்விக்குழு என அதிகாரங்கள் பிரிக்கப்பட்டன. பின்னர் நிதிக்குழுவும் சட்டத்திலேயே இடம்பெற்றது. ஒருவர் தோளில் இருந்த சுமை இவ்வாறு பல தோள்களுக்கு மாறியது.

நம் நிறுவனங்களுக்கு

இவ்வரலாற்றிலிருந்து நம் ஜமாஅத்துகளும் கல்விச் சங்கங்களும் கொள்ளத்தக்கவை எவை? சிலவற்றை மட்டும் குறிப்பிடுவோம்.

எந்த நிலைக்குழுவை அமைத்தாலும், அதன் பணியை ஒரு தாளில் எழுதிச் சபையில் நிறைவேற்ற வேண்டும். அது தானே முடிவு செய்யக்கூடியவை எவை, சபைக்குப் பரிந்துரைக்க மட்டும் உரியவை எவை என்பது அத்தாளில் தெளிவாக இருத்தல் வேண்டும். எழுத இயலாத அளவுக்குப் பணி மங்கலாக இருந்தால், அக்குழு தேவையில்லை என்று பொருள். கட்டடம் கட்டுவதற்கும் விழா நடத்துவதற்கும் தனிக்குழு போதும். வேலை முடிந்ததும் நன்றி கூறிக் கலைத்துவிடலாம். பத்துக் குழுக்களை வைத்து ஒன்றையும் கூட்டாதிருப்பதைவிட, மூன்றை வைத்து மூன்றையும் தவறாமல் கூட்டுவது மேல்.

பணத்தைச் செலவிடுவோரும் கணக்கைச் சரிபார்ப்போரும் ஒருவராக இருத்தல் ஆகாது. தலைவரோ செயலாளரோ பொருளாளரோ தணிக்கைக் குழுவில் அமரலாகாது. வங்கிக் கணக்கை அலுவலகத்தின் வழியே அன்றி, நேராகத் தணிக்கைக் குழுவே பெற்றுப் பார்த்தல் வேண்டும். கணக்கறிந்த ஒருவர் நிர்வாக சபையில் இல்லையெனில், வெளியிலிருந்து அழைத்து அமர்த்துவதில் இழுக்கில்லை. காக்கும் பண்போடு அறிவும் வேண்டும் என்பதை முன்னரே கண்டோம்.

பதவிக்கு எல்லை வேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படலாகாது என்கின்றது. ஆனால் அவர்களே மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம் என்பதால், அதே முகங்கள் முப்பதாண்டுகள் அமர்ந்திருப்பதையும் காண்கிறோம். சட்டம் அனுமதிப்பதை நம் சங்க விதிகள் இன்னும் சிறிது இறுக்கிக்கொள்ளலாம். குழு உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் ஓய்வு பெற்றுப் புதியவர் வரும்படி செய்தால், பழகியவரின் அனுபவமும் புதியவரின் கேள்வியும் ஒருங்கே கிடைக்கும். இளைஞர்களைச் சிறு குழுக்களில் பழக்கிப் பின்னர் பெரிய குழுக்களுக்கு உயர்த்தும் முறையை உத்திரமேரூரே கற்பித்திருக்கின்றது.

ஒவ்வொரு கூட்டத்திலும் பேசப்பட்டது நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். மாறுபட்ட கருத்துரைத்தவரின் பெயரும் காரணமும் அங்கே இடம்பெற வேண்டும். அவ்வாறு எழுதினால் பூசல் வளரும் என்று சிலர் அஞ்சுவர். உண்மையில், தம் சொல் பதிவாகியது என்ற நிறைவோடு அமர்ந்திருப்பவர் வெளியேற மாட்டார். தெருவில் பேசவும் மாட்டார். ஸமீஉல்லாஹ் கானைப் போன்ற ஒருவரைச் சபையிலேயே இருத்திக்கொள்ளத் தெரிந்த நிறுவனம் தன் கருவூலத்துக்குக் காவலர் ஒருவரைப் பெற்றதாகும்.

இவற்றையெல்லாம் நிர்வாகிகளிடம் கேட்கும் உரிமை, மாதச் சந்தா தரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. அடுத்த மஹல்லாப் பொதுக்கூட்டத்துக்குச் செல்லும் வாசகர்கள் ஒரே ஒரு கேள்வியை எழுப்புதல் நலம்: 'நம் தணிக்கைக் குழு சென்ற ஆண்டு எத்தனை முறை கூடிற்று? அதன் அறிக்கை எங்கே?' இக்கேள்வியில் எவர்மீதும் ஐயம் இல்லை. நல்ல நிர்வாகிக்கு இது துணையாகும். அவர் காலத்துக்குப் பின் வருபவருக்கு வழியாகும். அலீகரில் 1895-க்கு முன் எவரேனும் ஒருவர் இதனை மரியாதையோடு கேட்டிருந்தால், ஒரு முதியவரின் கடைசி மூன்றாண்டுகள் வேறு விதமாகக் கழிந்திருக்கும்.